வைத்த பூ

மாப்பிள்ளை வீட்டு நாத்தனார் கையால் பூ வைப்பதுதான் அன்றைய சடங்கே. ரேவதிக்கு அதுதான் பயம்.

கல்லூரி முடித்த வருடம் சின்னப் புழுவெட்டாகத் தொடங்கி, இப்போது அவள் தலையில் ஒரு முடிகூட இல்லை. இது ஒட்டுகிற வியாதி இல்லை, உடம்பே தன் முடியைப் பகையாக நினைத்துத் தள்ளுகிறது என்று டாக்டர் சொல்லியும், அவள் எழுந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காரும் சொந்தக்காரர்கள் உண்டு.

மாப்பிள்ளை உதயகுமாரிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள். அவன் அந்தத் தலையில் உள்ளங்கையை வைத்தான். அடுத்த வாரமே கடைக்கு அழைத்துப்போய், அவளுக்கான விக்கை அவனே தேர்ந்தெடுத்தான். கல்யாணம் முடியட்டும், அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்றான். பூ வைக்கிற அன்றைக்கு ஒரு கிள்ளு போதும் என்று அக்காவிடம் சொல்வதும் தன் பொறுப்பு என்றான்.

சொல்லவில்லை.

அம்பத்தூரில் ரேவதி வீட்டுக் கூடத்தில், ஐயப்பன்தாங்கலிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுச் சனம் எல்லாம் பார்த்திருக்க, அவன் அக்கா புஷ்பா பந்துபந்தாக மல்லிகையை எடுத்தாள். தம்பி பொண்டாட்டிக்குப் பூவில் கஞ்சத்தனமா என்று சிரித்துக்கொண்டே ஊசியைச் செருகி, சரத்தை இழுத்து இறுக்கினாள். பூவோடு சேர்ந்து விக்கும் கையில் வந்தது.

"டோப்பாடீ" என்றது ஒரு குரல். புஷ்பா அதைப் பாயில் போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள்.

தாய் சாவித்திரி மகனைப் பார்த்தாள். "இன்னாடா இது? உனுக்குத் தெரியுமா?"

ரேவதி முந்தானையால் தலையை மூடவில்லை. அவன் வாயையே பார்த்திருந்தாள். தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மற்றதையெல்லாம் அவள் தாங்கிக்கொள்வாள்.

அவன் காபி டம்ளரைக் கையில் உருட்டினான். "தெரியாதும்மா."

ரேவதியின் அப்பா வீராசாமி எழுந்து கைகூப்பினார். மறைத்தது தப்புதான், மன்னித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்.

"மொட்டையா கீதுன்றதகூடப் பொறுத்துக்கலாம்யா. ஏமாத்துனீங்க பாரு, அதான்" என்றாள் சாவித்திரி.

"நைனா, கைய எறக்கு" என்றாள் ரேவதி. "இத்த வாங்கிக் குடுத்ததே அவருதான்."

ஒருவரும் நம்பவில்லை. பையன் மேலேயே பழி போடுகிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டு, பட்டுப்புடவை முதல் குங்குமச் சிமிழ்வரை தட்டில் திரும்ப அடுக்கினார்கள். உதயகுமார் பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு, பாயை மிதிக்காமல் ஓரமாக நடந்து வெளியே போனான்.

பாயில் கிடந்த பூவை மட்டும் அவர்கள் எடுக்கவில்லை. கூடத்தைப் பெருக்க வந்த ரேவதியின் சித்தி தாயம்மா, விக்கையும் மல்லிகையையும் துடைப்ப நுனியால் சுவரோரம் தள்ளினாள்.

"கையால எடு சித்தி. ஒட்டிக்காது" என்றாள் ரேவதி.

தாயம்மா துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.