ரிங்கை யார் அடித்தது

எங்கள் டயர் கடையில், சக்கரத்தின் மேல் நான் ஏறி நின்றுகொண்டிருந்த நேரத்தில்தான் அந்த மேஸ்திரி வந்தார்.

லாரி டயரைத் தரையில் படுக்கப் போட்டு, ட்யூபைத் திணித்து, இரும்பு டிஸ்கைப் பொருத்திய பிறகு கடைசி வேலை ரிங். ஒரு இடத்தில் வெட்டு விட்ட கனத்த இரும்பு வளையம். அதன் ஒரு முனையை டிஸ்கின் ஓரப் பள்ளத்தில் நுழைத்து ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொருவர் சம்மட்டியால் சுற்றி அடித்துக்கொண்டே வந்து மறுமுனையை உட்கார வைக்க வேண்டும். மூன்று வருஷமாக மிதிப்பது நான். அதற்கு முன்னால் என் தம்பி. "மிஷின் வாங்கல, இவளக் கட்டிக்கிட்டேன்" என்று என் வீட்டுக்காரர் டிரைவர்களிடம் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். பாதி அடித்த ரிங்கை விட்டு இறங்கிப் போய்விடவா முடியும்?

ரிங் சரியாக உட்காராத சக்கரத்தில் காற்று ஏற்றினால் அது கிளம்பி வந்து ஆளை அடிக்கும். தம்பியின் வலது கண் அப்படிப் போனதுதான். கன்னத்து எலும்பும் போனது. இப்போது எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி. தெருவில் அவனுக்கு கூலிங்கிளாஸ் என்று பேர். அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். எந்தக் கடையிலும் அவனைச் சேர்த்துக்கொள்ளாததுதான் அவனை அரித்தது. கண் போனதற்காக யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. விரல் போனவர், முன்பல் போனவர் எல்லாம் இந்தத் தொழிலில் உண்டு. தான் அடித்த ரிங் உட்கார்ந்ததா என்றுகூடப் பார்க்காமல் காற்று வைத்தவன் என்று ஒரு பேர் பரவியிருந்தது. அப்படிப்பட்டவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள யாருக்குத் தைரியம் வரும்?

காலையில் போன் பண்ணியிருந்தான். பெரிய டிப்போ ஒன்றில் டயர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், விசாரிக்க மேஸ்திரி வருவாராம். "மாமா எனக்காக ஒண்ணும் பேச வேணாம்க்கா. என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போதும்" என்றான். சாப்பிட உட்கார்ந்தபோது இவரிடம் சொன்னேன். நான் என்ன அவனுக்குக் கெடுதலா நினைக்கிறேன் என்று கேட்டுவிட்டு, குழம்பில் உப்பு குறைச்சல் என்றார்.

மேஸ்திரி வயதானவர், தன்மையானவர். வேலையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார். மழை, ரோடு, டயர் விலை என்று ஒரு சுற்றுப் பேசினார். பிறகு சம்மட்டி ஓய்ந்த ஒரு இடைவெளியில் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணே. அன்னைக்கு ரிங்க அடிச்சது யாரு?"

இவர் நெற்றி வியர்வையை வழித்துச் சுண்டினார். "அவன்தான். நல்ல பையன், பாவம். கை கொஞ்சம் அவசரம், அவ்வளவுதான்."

அன்றைக்கு நான் டீ எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். மிதித்துக்கொண்டு நின்றவன் தம்பி. அடித்தவர் இவர். இன்னும் ஒரு சாண் பாக்கி இருக்கும்போது போன் வந்தது. சம்மட்டியைக் கீழே போட்டு, "மாப்ள, உக்காந்துருச்சு, காத்தப் போடு" என்று சொல்லிவிட்டு, பேசிக்கொண்டே தெருப் பக்கம் போனார். ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமெல்லாம், அவனே அடித்தான், அவனே காற்று வைத்தான் என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கடைப் பேர் கெட்டால் அடுப்பு எரியாது என்று கணக்குப் போட்டேன். போதாதற்கு, கட்டுப் போட்டுப் படுத்திருந்தவனைப் பார்த்து, உனக்கு எதிலடா பொறுமை இருந்தது என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி திட்டவும் செய்தேன். அவன் மிச்சமிருந்த கண்ணால் என்னைப் பார்த்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"அவன் அடிக்கலைங்க" என்றேன், சக்கரத்தின் மேல் நின்றபடியே. "இவருதான் அடிச்சாரு. நான் பாத்தேன்."

மேஸ்திரி என்னை நிமிர்ந்து பார்த்தார். இவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை. "கூடப் பொறந்தவனாச்சே, விட்டுக்குடுப்பாளா" என்றார், எனக்கே பரிந்து பேசுகிறவர் மாதிரி.

"ஏம்மா, இத அன்னைக்கே சொல்லலியா நீங்க?"

மேஸ்திரி மெதுவாகத்தான் கேட்டார். சொல்லவில்லை என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. எழுந்து வேட்டியில் ஒட்டிய கரியைத் தட்டினார். குடும்பத்துக்குள் ஆயிரம் இருக்கும், நான் நடுவில் வந்து என்ன சொல்ல என்கிற மாதிரி ஏதோ முனகினார். முதலாளியிடம் பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறேன் என்றார். அப்படிச் சொல்லிப் போகிறவர்கள் சொல்லி அனுப்பியதில்லை.

அவர் தலை மறைந்ததும் இவர் சம்மட்டியை எடுத்தார். என்னைக் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ரிங்கின் மேலேயே கண்ணாக இருந்தார்.

"நல்லா மிதி. இன்னும் கொஞ்சந்தான்."

"சாயந்திரம் அவன் போன் பண்ணுவான்" என்றேன்.

"பண்ணட்டும். கெடைக்கலன்னு சொல்லு. மிதி."

சம்மட்டி தலைக்கு மேலே போனது. நான் வலது காலை எடுத்தேன். பிறகு இடது காலையும் எடுத்துத் தரையில் வைத்தேன். பள்ளத்திலிருந்து ரிங்கின் முனை விடுபட்டுத் துள்ளி எழுந்தது. சுற்றிலும் அவ்வளவு நேரம் அடித்து உட்கார வைத்ததெல்லாம் ஒவ்வொரு விரற்கடையாக மேலே வந்தது. ஓங்கிய கையை இறக்காமல் அவர் நின்றார். இரும்பு இரண்டு பேருக்கும் நடுவில் கிணுகிணுவென்று அதிர்ந்துகொண்டே இருந்தது.