கடல் பக்கத்து மூலை

ஸ்டென்ட் வைத்த டாக்டர்கூட ஃபிரெட்ரிக் சாரை அவ்வளவாக மிரட்டவில்லை. ஓட வேண்டாம், படபடப்பு வேண்டாம் என்று சொன்னதோடு சரி. அதைச் சட்டமாக்கியது அவர் மனைவி ஈவ்லின். அந்தச் சட்டத்துக்குக் காவல் போட்டது மகன் நோயல் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச். சாரின் நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்பதை அது உடனுக்குடன் ஈவ்லினின் செல்போனுக்குச் சொல்லிவிடும். மாடிப்படியைக் கொஞ்சம் வேகமாக ஏறினால் போதும், சமையலறையிலிருந்து குரல் வரும்: "என்னங்க, மெதுவா!" கழற்றி வைத்தும் தப்ப முடியாது. ஐந்து நிமிஷம் கையில் இல்லாவிட்டால் அந்தச் சேதியையும் அது ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சாந்தோமில் காலமெல்லாம் பி.டி. மாஸ்டராக இருந்து, விசில் ஊதியே ஊர்ப் பிள்ளைகளை ஓடவைத்த மனிதருக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டார். பங்குத் திருவிழா வந்தபோதுதான் பொறுக்கவில்லை. திருவிழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மைதானத்தில் குடும்பஸ்தர்களுக்கும் கல்யாணமாகாதவர்களுக்கும் கால்பந்து நடக்கும். கல்யாணமாகாதவர் அணிக்கு நோயல்தான் கோல்கீப்பர். முப்பத்தாறு வயதாகியும் அவன் இன்னும் அந்த அணியிலேயே இருப்பது ஈவ்லினின் கவலை. போன வருஷம் அப்பா அடித்த பெனால்டியை அவன் பிடித்துவிட்டது சாரின் கவலை. கோயில் பக்கத்து மூலைக்கு அடித்தார். பையன் சாவகாசமாகப் பாய்ந்து பந்தை அமுக்கிக்கொண்டான். மைதானமே சிரித்தது. அடுத்த வருஷம் கடல் பக்கத்து மூலைதான் என்று சார் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். ஸ்டென்ட் வைத்தபோதும் அந்த முடிவு மாறவில்லை.

"போய் உட்கார்ந்து பார்த்துட்டு வாங்க. எழுந்து கத்தக்கூடக் கூடாது" என்று ஈவ்லின் அனுப்பிவைத்தாள்.

நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு சார் நேரே போனது பவுல்சாமியிடம். பவுல்சாமி ஒன்றாம் வகுப்பு சிநேகிதர். தபால் ஆபீசிலிருந்து ரிடையராகி, நாற்காலியிலேயே காலம் தள்ளுகிறவர். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததே இல்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

"டேய், நீ ஒண்ணும் பண்ண வேணாம். இந்த வாட்சைக் கட்டிக்கோ. என் போன் பக்கத்துல இருந்தாத்தான் அது பேசும், அதையும் ஜோபில வச்சுக்கினு சேர்ல குந்து. உன்னை மாதிரி அசையாத ஆள் இந்தப் பங்குலயே கிடையாதுடா."

"குந்தறேன் நைனா. வேற இன்னா வேலை? மத்தியானம் துன்ன பிரியாணி நெஞ்சுல கேஸா ஏறிக்கினு கீது."

"ஏப்பம் விடு, சரியாப் பூடும்" என்று சார் தம் வாட்சை அவர் கையில் கட்டினார். வைத்தியம் அதோடு முடிந்தது.

அப்புறம் ஜெர்சியை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். ஓடினார் என்று சொல்வதற்கில்லை. பந்து தம்மிடம் வரும் இடமாகப் பார்த்து நின்றார். கடைசியில் குடும்பஸ்தர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. சார் பந்தை எடுத்து வைத்தார். எதிரே நோயல் கைகளை விரித்துக்கொண்டு நின்றான். சார் கோயில் பக்கம் ஒரு தரம் வேண்டுமென்றே பார்த்துவிட்டு, இரண்டடி பின்னால் போனார்.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவிலிருந்து குதித்தாள் ஈவ்லின். "நிறுத்துங்க! ஹார்ட் கன்னாபின்னான்னு அடிக்குது!" என்று செல்போனை உயர்த்திப் பிடித்தபடி ஓடிவந்தாள். ஜெர்சியில் புருஷனைப் பார்த்ததும் அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லடி!"

"அட்டாக் வந்தவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை நோயலின் காரில் ஏற்றினார்கள். வாட்ச் தம் கையில் இல்லை என்று சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். சார் வாயை மூடிக்கொண்டார். கார் ஜன்னல் வழியாகப் பவுல்சாமியைத் தேடினார். மனுஷன் வேப்ப மரத்தடியில் அதே நாற்காலியில் சாய்ந்திருந்தான். இத்தனை களேபரத்திலும் எழுந்து வரவில்லை. சரியான பயந்தாங்கொள்ளி, ஈவ்லினுக்குப் பயந்து பதுங்குகிறான் என்று சார் மனசுக்குள் திட்டினார்.

மயிலாப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சின்னப் பெண்ணாக இருந்த டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அங்கிள் ஹார்ட் நல்லாவே இருக்கு ஆன்ட்டி. வாட்ச்தான் தப்பா காட்டியிருக்கும்."

ஈவ்லின் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "அந்தச் சனியனை இன்னிக்கே தூக்கிப் போடறேன். ராத்திரியெல்லாம் போனைப் பாத்துக்கிட்டே படுத்திருக்கேங்க. நிம்மதியாத் தூங்கி எத்தனை மாசமாச்சு!"

இது சாருக்குத் தெரியாது. தம்மைத்தான் சிறையில் வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தார். அவளும் கூடவே உள்ளே இருந்திருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும், விடுதலை கிடைத்துவிட்டதே என்று ஒரு சந்தோஷம் ஓரமாக எட்டிப் பார்க்கவும் செய்தது.

அப்போது ஈவ்லினின் போன் மறுபடியும் கத்தியது.

"பாருங்க, இன்னும் உளறுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வாட்சை நர்ஸ்தான் கழற்றி எங்கேயோ வைத்திருப்பாள் என்பது அவள் எண்ணம். சாரும் கூடச் சிரித்தார். பாதிச் சிரிப்பில் அவருக்கு உறைத்தது. அது உளறவில்லை. பிரியாணி, கேஸ், நாற்காலியிலிருந்து எழாத பவுல்சாமி. பதுங்கவில்லை அவன், எழ முடியவில்லை.

உள்ளதைச் சொல்வதென்றால், சார் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்தார். வாயைத் திறந்தால் வாட்ச் திரும்பிவரும், சாகும்வரை கழற்ற முடியாது. போன் இன்னொரு தரம் கத்தியது.

"ஈவ்லின், அது என் நெஞ்சு இல்ல. பவுல்சாமி நெஞ்சு."

நோயல் உடனே அப்பாவின் போனுக்கு அடித்தான். பவுல்சாமியின் சட்டைப் பையில் அது அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு கோயிலில் இருந்த நண்பர்களைக் கூப்பிட்டான். அவர்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து, கண் செருகிக் கிடந்தார் மனிதர். தூங்குகிறார் என்று எல்லாரும் விட்டிருந்தார்கள். அள்ளிப்போட்டு அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இதயம் தாளம் தப்பிவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் ஆளே போயிருப்பார் என்றாள் அதே டாக்டர்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் பங்குச் சாமியார் வாட்சின் மகிமையை விரிவாகச் சொன்னார். அது எப்படிப் பவுல்சாமியின் கைக்குப் போனது என்பதை நாகரிகமாக விட்டுவிட்டார். அவ்வளவுதான், பங்கிலுள்ள பிள்ளைகளெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு அப்பாக்களுக்கு வாட்ச் வாங்கிக் கட்டினார்கள். குடும்பஸ்தர் அணிக்கு இனி ஆள் சேர்வது சந்தேகம். கோயில் வாசலில் சாரைப் பார்த்த பழைய ஆட்டக்காரர் ஒருவர்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் சாரும் ஈவ்லினும் நோயலும் ஆஸ்பத்திரிக்குப் பவுல்சாமியைப் பார்க்கப் போனார்கள். சாரின் கையில் வாட்ச் இருந்தது. முன்னைவிட ஒரு துளை இறுக்கமாகக் கட்டிவிட்டிருந்தாள் ஈவ்லின்.

"பெனால்டி இன்னாடா ஆச்சு?" என்றார் பவுல்சாமி, படுத்தபடியே.

"எங்கடா அடிக்க வுட்டாங்க."

"அடிச்சிருந்தாலும் பிடிச்சிருப்பேன் அங்கிள்" என்றான் நோயல். "டாடி எப்பவும் கோயில் பக்கம்தான் அடிப்பாரு. அந்தப் பக்கம் பாயத்தான் ரெடியா நின்னேன்."

சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கடல் பக்கத்து மூலை முழுசாகத் திறந்து கிடந்திருக்கிறது.

ஈவ்லினின் போன் கத்தியது. "இப்ப என்னங்க?" என்று பதறி எழுந்தாள்.

"ஒண்ணுமில்லடி" என்றார் சார். போன் நம்பவில்லை, விடாமல் கத்திக்கொண்டே இருந்தது.