மருதமுத்து கேட்ட தடை

"பிள்ளையோட கைய யாரு முறிச்சது?" என்று மருதமுத்து கேட்டபோது அஞ்சலை அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீங்கதான்," என்றாள்.

ஒன்பது வயது சிவகாமி பாயில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டு. முதல் நாள் மாலை கள்ளுக்கடையிலிருந்து வந்தவன், வாசலில் நின்ற மகளைத் தள்ளிவிட்டு உள்ளே போய் விழுந்துவிட்டான். அஞ்சலைதான் அலறுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவனுக்கு அதில் ஒன்றும் ஞாபகமில்லை.

"வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செஞ்சிருந்தா அரிவாமனையால வெட்டிப் போட்டிருப்பேன். தெரியாம செஞ்சீங்க. நாளைக்கும் தெரியாமத்தான் செய்வீங்க."

மருதமுத்து வெளியே போய் லோங்காங் எனும் வாசல் சாக்கடை ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தான். பிறகு பசியாறாமலேயே கிளம்பினான்.

அது ஐம்பத்தேழாம் வருஷம். மலாய் நாட்டின் சுதந்திரத்துக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. மருதமுத்து காஜா பேராங்கில் ஒரு சீனருடைய பலகை ஆலையில் மரம் இழுத்தான். குடியை விட முயலாதவன் இல்லை அவன். மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறான். கடை இருக்கும் பக்கமே வராமல் ஊரைச் சுற்றி வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறான். வேலை முடிந்து உடம்பில் நடுக்கம் தொடங்கியதும் கால்கள் திரும்பிவிடும்.

கள்ளுக்கடையில் ஊற்றிக்கொடுக்கும் ஏகாம்பரம் பீங்கான் மங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கடை இன்னும் திறக்கவில்லை.

"அண்ணே, இன்னியிலேருந்து எனக்கு ஊத்தாதீங்க."

ஏகாம்பரம் சிரித்தார். "நீ குடிக்காம இரு. நான் எதுக்கு ஊத்தாம இருக்கணும்?"

"சாயங்காலம் வந்து கேப்பேன், அண்ணே. அப்ப என் பேச்ச நம்பாதீங்க. கால்ல விழுவேன், கெட்ட வார்த்தையில ஏசுவேன். எது செஞ்சாலும் ஊத்தாதீங்க. பிள்ளை கைய முறிச்சிட்டேன்."

ஏகாம்பரத்தின் சிரிப்பு நின்றது. "சரி, பாப்போம்," என்றார்.

அன்று மாலை மருதமுத்து வந்தான், கேட்டான். ஏகாம்பரம் தலையாட்டி மறுத்தார். அவன் கெஞ்சினான். பிறகு, "சர்க்கார் கடைடா இது! உங்கப்பன் வீட்டுக் கடையா?" என்று கத்தினான். உள்ளேயிருந்து கடைக்குப் பொறுப்பான கிராணி எட்டிப் பார்த்தார்.

"என்ன ஏகாம்பரம்? வயசுக்கு வந்த ஆளுதானே? கடை மூட இன்னும் நேரம் இருக்குல்ல? ஊத்து. இல்லாட்டி நாளைக்கு எம்மேல கம்ப்ளேன் எழுதிப் போடுவான்."

ஏகாம்பரம் அவன் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினார்.

மறுநாள் மருதமுத்து வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, கள்ளுக்கடைகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசுக்குப் போனான். அங்கிருந்த அதிகாரி பொன்னுதுரை நல்ல மனிதர். அவனை நாற்காலியில் உட்காரச் சொல்லி முழுவதையும் கேட்டார்.

"நீர் சொல்லுறது விளங்குது. ஆனா அப்படி ஒரு சட்டம் இல்லையே. எத்தனை மணிக்குத் திறக்கலாம், எப்ப மூட வேணும், சின்னப் பிள்ளைகளுக்கு விக்கக் கூடாது, கலப்படம் செய்யக் கூடாது. இதெல்லாம் நாங்கள் பாக்கிறோம். அதுக்கு மேல ஒவ்வொருத்தரும் தன்னைத்தானே பாத்துக்கொள்ள வேணும். நாளைக்குச் சுதந்திரம் வரப் போகுது. எல்லாத்துக்கும் சர்க்கார் வந்து கையைப் பிடிக்குமா?"

"எனக்கு அந்தப் பொறுப்பு இருந்தா நான் எதுக்கு ஐயா உங்ககிட்ட வரப்போறேன்?"

பொன்னுதுரை மேசையிலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

"கடையில கலாட்டா செய்தவனை உள்ள விடாதேயெண்டு சொல்ல எங்களுக்கு அதிகாரம் இருக்கு. நீர் அப்படிப்பட்ட ஆள் இல்லையே," என்றார் ஆறுதலாக.

மருதமுத்து எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

வீட்டுக்குப் போய்க் குளித்தான். துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டான். "எங்க போறீங்க?" என்று அஞ்சலை கேட்டதற்கு, "இன்னியோட முடிச்சிட்டு வந்துடறேன்," என்று மட்டும் சொன்னான்.

கடை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனான். அடுக்கி வைத்திருந்த மங்குகளைக் கையால் வாரித் தரையில் அடித்தான். பெஞ்சைத் தூக்கிச் சுவரில் மோதினான். கள்ளுப் பீப்பாயைக் காலால் உதைத்துக் கவிழ்த்தான். கள் நுரைத்துக்கொண்டு வாசல் வரை ஓடியது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் அவன் சட்டைத் துணியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

"மருது, என்னடா இது? ஓடிப் போயிடுடா!" என்றார் ஏகாம்பரம்.

"போலீசக் கூப்பிடுங்க, அண்ணே."

மலாய்க்காரப் போலீஸ்காரர் வந்து அவன் வாயருகே முகர்ந்து பார்த்தார். "தா மாபோக்," குடிக்கவே இல்லையே என்று உடன் வந்த போலீஸ்காரரிடம் ஆச்சரியமாகச் சொன்னார்.

கோர்ட்டில் மாஜிஸ்டிரேட் காரணம் கேட்டார். "என்னைக் கடைக்குள்ள விடக் கூடாதுன்னுதான் செஞ்சேன்," என்றான் மருதமுத்து. அதைக் கேட்ட மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அவன் செய்ததற்கு வருந்துகிறான் என்று இங்கிலீஷில் சொன்னார். இரண்டு வாரச் சிறை. கடைக்குள் நுழையவும் தடை கிடைத்தது.

சிறையில் முதல் மூன்று இரவுகள் அவன் போட்ட கூச்சலை மற்ற கைதிகள் பொறுக்கமாட்டாமல் அவனை அடித்தார்கள். அதற்குப் பிறகு அடங்கினான். வெளியே வந்த அன்று அஞ்சலை சோறு போட்டாள். அவன் கை நடுங்காமல் பிசைந்து உண்டதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிவகாமியின் மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். அவள் சற்றுத் தள்ளியே உட்கார்ந்திருந்தாலும் எழுந்து ஓடவில்லை. கலியாணமாகி வந்த நாளிலிருந்து அஞ்சலைக்கு அடுத்து வந்ததைப் போல அமைதியான ஒரு வாரம் வாய்த்ததில்லை.

ஆனால் பலகை ஆலையில் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "ஜெயில் போன ஆள் வேண்டாம்லா," என்று ஆலை முதலாளியான தௌக்கே கையை விரித்துவிட்டார். செமாபோக்கிலும் தெங்கேராவிலும் வேலை கேட்டு அலைந்தான். எங்கும் அதே கதை. அஞ்சலை தெங்கேராவில் இரண்டு வீடுகளில் துணி துவைத்தாள். அவள் போன பிறகு வீட்டில் அவனும் நீண்ட பகலும்தான்.

அப்படி ஒரு பகலில் சம்சு விற்கும் சைக்கிள்காரன் வாசலில் வந்து நின்றான். காட்டில் திருட்டுத்தனமாகக் காய்ச்சும் சாராயம் அது. கீரைக்கட்டுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தான்.

"எனக்கு வேண்டாம். தடை போட்டிருக்காங்க," என்றான் மருதமுத்து.

"தடையெல்லாம் சர்க்கார் கடைக்குத்தான், அண்ணே. என்கிட்ட என்ன தடை? மொத பாட்டில் சும்மா வச்சுக்குங்க."

அஞ்சலை திரும்பி வந்தபோது அந்தப் பாட்டில் நடுவீட்டில் இருந்தது. மூடியைத் திறக்கவில்லை. அதற்கு எதிரே, வியர்வையில் நனைந்து, கைகளைத் தொடைக்குக் கீழே போட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான்.

"கொட்டிடு, அஞ்சலை. நான் தொட்டேன்னா குடிச்சிடுவேன். சீக்கிரம்."

அவள் எடுத்துக்கொண்டு ஓடி லோங்காங்கில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழுவதற்குள் அவன் பின்னாலேயே பாய்ந்து வந்து சாக்கடைத் தண்ணீரை இரு கையாலும் அள்ளினான். அவள் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். அவன் அவளை அடித்தான். அக்கம்பக்கத்தார் வந்து பிரித்துவிட்டார்கள்.

காலிப் பாட்டிலைக் கழுவி எறிந்துவிட்டு அஞ்சலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். கன்னம் வீங்கியிருந்தது.

"சம்சு விக்கிறவன் வீட்டு வாசலுக்கே வரான், ஐயா. அவனைப் பிடிங்க."

"சரக்கு எங்கம்மா?" என்று கேட்டார் அங்கிருந்த தமிழ்ப் போலீஸ்காரர்.

"கொட்டிட்டேன்."

"பாட்டிலாவது இருக்கா?"

"கழுவி வீசிட்டேன்."

"அப்புறம் எதை வச்சு நாங்க கேஸ் எழுதுறது? அடுத்த தடவை வந்தா கொட்டாம கொண்டாங்க. வீட்டுக்காரரையும் கொஞ்சம் கட்டுப்பாடா இருக்கச் சொல்லுங்க."

"அடுத்த தடவை வர்ற வரைக்கும் அவரு உசுரோட இருக்கணுமே, ஐயா!"

அவள் வீடு திரும்பியபோது மருதமுத்து இல்லை. அப்பா சைக்கிள் போன திசையில் நடந்து போனதாகச் சிவகாமி சொன்னாள்.

அன்று இரவு அவன் வரவில்லை. விடிந்ததும் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அஞ்சலை தேடக் கிளம்பினாள். செமாபோக் முழுக்க விசாரித்தாள். கோயில், சந்தை, பஸ் நிற்கும் இடம் எங்கும் இல்லை. ஏகாம்பரம் அன்று கடைக்கே போகாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றினார். அவர்தான் உஜோங் பாசிர் பக்கம் ஒரு தமிழர் கிடப்பதாகக் கேள்விப்பட்டு வந்து சொன்னார்.

வெயில் கொளுத்திய பிற்பகல். கடலோரத்தில் படகுகளுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் அவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் வாந்தி. அஞ்சலை குனிந்து, "என்னங்க," என்று தோளைத் தொட்டாள்.

"அஞ்சலையா?" அவன் தலையைத் திருப்பினான். கண்கள் திறந்திருந்தன, ஆனால் அவளைத் தாண்டி எங்கோ நிலைத்திருந்தன. "ஏன் இந்த நேரத்துல தனியா வந்த? நல்லா இருட்டிருச்சே."

ஏகாம்பரம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அஞ்சலை அவன் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தாள். பிறகு அந்த மணலிலேயே உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். பார்வை திரும்பாது என்று டாக்டர் கருணாகரன் சொன்னார். வயதில் இளையவர், கோபத்தில் அவர் குரல் உயர்ந்தது.

"விஷம்மா இது. குடிக்கிறதுன்னா சர்க்கார் கடையில அளவாக் குடிக்கலாமே? எதுக்கு இதைத் தேடிப் போனாரு?"

கடைக்குள் விடாதே என்ற தடையைத் தன் புருஷன்தான் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பதை இந்த மனிதருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று அஞ்சலைக்குத் தெரியவில்லை. "தெரியல, டாக்டர்," என்றாள்.

வார்டில் மருதமுத்து மல்லாந்து படுத்திருந்தான். அவள் காலடிச் சத்தம் கேட்டு, "பிள்ளை வந்திருக்கா?" என்றான்.

"இல்ல. நாளைக்குக் கூட்டியாரேன்."

கட்டிலின் இரும்புச் சட்டத்தை அவன் கை தேடிப் பிடித்தது. பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அஞ்சலை, இனிமே தனியா எங்கயும் என்னால போக முடியாதுல்ல?"

"முடியாது."

"யாராச்சும் கைப்பிடிச்சுக் கூட்டிப் போனாத்தான் உண்டு."

"ஆமா."

"குடிக்க நீ கூட்டிப் போகமாட்டே."

அந்தக் குரலில் இருந்தது துக்கமா நிம்மதியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவன் வாயோரத்தில் ஒட்டியிருந்த கஞ்சியை முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு தாழ்வாரத்துக்கு வந்து, யாரும் இல்லாத மூலையாகப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.