பாறைநக்கியின் நேர்காணல்

"என்னங்க, என் லென்ஸைப் பாத்தீங்களா? இந்த மேசை மேலதான் வெச்சிருந்தேன்."

"உன் சாமானுக்கெல்லாம் நான் காவல்காரனா? தேடு, கிடைக்கும்" என்றார் பேராசிரியர், நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமலேயே.

லென்ஸ் அவருடைய சட்டைப் பைக்குள் இருந்தது. குளித்துவிட்டு வந்தவர் மேசையைக் கடக்கும்போது கை தானாகப் போய் அதை எடுத்துக்கொண்டது. தாவரவியல் துறைக்குத் தலைமை தாங்கி ஓய்வு பெற்ற பெரிய மனிதர்தான். ஆனால் அந்தக் கை செய்ததென்னவோ, பக்கத்து இருக்கைக்காரியின் பென்சிலை ஒளித்துவைக்கும் பள்ளிப் பையனின் வேலை. இன்று வீட்டுக்கு வருகிறவர்கள் அவரைப் பார்க்க வரவில்லை. அதுதான் அவருக்கு ஆறவில்லை.

அவர்கள் பார்க்க வருவது அவருடைய மனைவியை. அவள் லைக்கன்களை ஆராய்பவள். பாறையிலும் மரப்பட்டையிலும் பழைய சுவரிலும் சாம்பலும் பச்சையுமாகப் படர்ந்திருக்க, நாம் அழுக்கென்று எண்ணிக் கடந்துபோகிறோமே, அந்தப் படலம்தான் லைக்கன். அது தனியோர் உயிரன்று. பூஞ்சையும் பாசியும் கூடி நடத்துகிற குடித்தனம். "பூஞ்சை வீடு கட்டும், பாசி சமைச்சுப் போடும். ஆனா பேரு என்னவோ பூஞ்சையோடதுதான். நம்ம வீடு மாதிரின்னு வெச்சுக்குங்களேன்!" என்று பேராசிரியர் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்வார். வகுப்பும் ஆண்டுதோறும் சிரிக்கும்.

இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே துறையில் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தவர்கள். பணித் தேர்வில் முதலிடம் அவளுக்கு. அடுத்த இடம் அவருக்கு. திருமணம் முடிந்ததும், கணவனும் மனைவியும் ஒரே துறையில் பணியாற்றலாகாது என்ற விதியைக் கல்லூரி நினைவூட்டியது. யார் விலகுவது என்ற பேச்சு எங்குமே எழவில்லை. அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது அவள் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் லைக்கனை விடவில்லை. சமையலை முடித்துவிட்டுக் குன்றேறினாள். பட்டைத் துணுக்குகளைக் காகித உறைகளில் மடித்து, பின்னறையை அலமாரி அலமாரியாக நிரப்பினாள். கட்டுரைகளும் புத்தகமும் கணவர் பெயரில் வெளிவந்தன. 'பொறுமையுடன் உதவிய என் இல்லத்தரசிக்கு நன்றி' என்று முன்னுரையின் கடைசி வரியில் எழுதிவிட்டுத் தம்முடைய தாராள மனத்தைத் தாமே மெச்சிக்கொண்டவர் அவர்.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு வயிற்றெரிச்சல் தொடங்கிற்று. அழைப்புமணி அடிக்கும், இவர் போய்க் கதவைத் திறப்பார். "மேடம் இருக்காங்களா சார்?" என்று கேட்டபடியே வந்தவர்கள் அவரைக் கடந்து பின்னறைக்குப் போய்விடுவார்கள். கள ஆய்வாளர்களும் காட்டிலாகாக்காரர்களும், கையில் ஒரு கல்லோ பட்டையோ ஏந்தி வருவார்கள். சில லைக்கன்கள் கசக்கும், சில கசக்கா; ஆகவே அவள் கடுகளவு கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவாள். அதைப் பார்த்த தெருப்பிள்ளைகள் அவளுக்குப் 'பாறைநக்கி' என்று பட்டம் சூட்டினார்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பேராசிரியருக்கு அதுகூடப் பொறுக்கவில்லை. இத்தனை ஆண்டு அதே தெருவில் நடந்தவருக்கு ஒரு பிள்ளையும் ஒரு பட்டப்பெயரும் வைத்ததில்லை!

அவர் ஓய்வு பெற்றதால் அந்தப் பழைய விதி இப்போது தடையாக நிற்கவில்லை. கல்லூரியின் உலர்தாவரக் காப்பகத்துக்கு வயது வரம்பின்றிப் பொறுப்பாளர் தேவை என்றதும் அவள் விண்ணப்பித்தாள். அவள் பெயரில் ஒரு கட்டுரையும் இல்லாததால், சேகரிப்பை நேரில் பார்க்கத் தேர்வுக் குழுவே வீட்டுக்கு வருகிறது.

வந்தவர்கள் இருவர்; நேரே பின்னறைக்குப் போய் அமர்ந்தார்கள். குழுத் தலைவர் பேராசிரியரின் பழைய மாணவர். உடன் வந்தவர் வெளியூர் ஆய்வாளர், நடுவயதுப் பெண்மணி. மனைவி தேநீர் எடுத்துவர உள்ளே போனதும் தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"சார், சுத்தி வளைக்காம கேட்டுடறேன். இந்த வேலையெல்லாம் மேடம் செஞ்சதுதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். வேலை அவங்களுக்குத்தான்."

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொறுக்கிட்டு வந்தது அவதான். உறையில எழுதினதும் அவதான், கையெழுத்து முத்து முத்தா இருக்கும். ஆனா இனம் பிரிக்கறதுன்னு ஒண்ணு இருக்கில்லப்பா? நான் சொல்லச் சொல்ல எழுதுவா. நல்ல பொறுமைசாலி."

தட்டுடன் வாசற்படியில் நின்ற மனைவி அதைக் கேட்டாள். முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. தட்டை மட்டும் சற்று ஓசையோடு வைத்தாள்.

பெண்மணி பேராசிரியரின் புத்தகத்தைப் புரட்டினார். "இங்க ஒரு வரி இருக்கு சார். இந்த ரெண்டு இனமும் கண்ணுக்கு ஒண்ணு போலவே இருக்கும், சுவையை வெச்சுப் பிரிக்கலாம்னு. அந்தச் சுவையைப் பாத்தது யாரு?"

"ஏன், நான்தான்."

"எச்சில் பண்ணாதே, கண்றாவி" என்று காலமெல்லாம் மனைவியைக் கடிந்தவர் அவர். ஒரு துணுக்கையும் ஒருநாளும் வாயில் வைத்தவரல்லர்.

பெண்மணி எழுந்து, அவ்விரண்டு இனங்களின் உறைகளையும் அலமாரியிலிருந்து எடுத்தார். பட்டைகளை வெளியே எடுத்து, உறைகளைத் தம்மிடமே மறைத்துக்கொண்டார். "எது எதுன்னு சொல்லுங்கம்மா."

"லென்ஸ் இருந்தா கொஞ்சம் பாக்கலாம், காலையிலேர்ந்து அதைக் காணோம். போகட்டும், நாக்கைக் காணோம்னு யாரும் சொல்ல முடியாதே." இரண்டிலும் கடுகளவு கிள்ளி, ஒவ்வொன்றாக நாக்கில் வைத்து நிதானித்து, சன்னலோரம் துப்பிவிட்டு வந்தாள். "இதுதான் கசப்பு. அது சப்புன்னு இருக்கும்."

"உறையில எழுதினதும் மேடம்தானே, இதை வேற யாராவது சரிபாக்கணுமே..." என்று இழுத்தார் தலைவர்.

"அவரே பாக்கட்டுமே. அவர் பாத்து எழுதினதுதானே?" கசப்பென்று சொன்ன பட்டையிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளிக் கணவரின் உள்ளங்கையில் வைத்தாள்.

மறுக்க வழியில்லை. வாயில் போட்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. தூசியை நக்கியது போலிருந்தது. நல்ல வேளை, இன்றைக்கு இவள் மாட்டிக்கொண்டாள் என்று உள்ளம் துள்ளிற்று. அந்தத் துள்ளல் அடங்குமுன், நாக்கின் அடியிலிருந்து மெல்லப் புறப்பட்டது கசப்பு. மாத்திரையை விழுங்கத் தெரியாமல் மென்றுவிட்டது போல் அண்ணத்திலும் தொண்டையிலும் பரவிற்று.

"என்ன சார், கசக்குதா?" என்று கேட்டார் தலைவர்.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் நாளை முதல் அவள் காப்பகத்தின் நாற்காலியில் அமர்வாள். புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அவளுடையதென்று ஊர் படிக்கும். இவரோ கதவு திறந்துவிடுகிற ஆளாகவே மிஞ்சுவார்.

"இல்லப்பா. ஒண்ணும் கசக்கலை."

தலைவர் பெருமூச்சு விட்டார். "சாரே சொல்லிட்டாரில்ல, அப்புறம் என்ன. மன்னிச்சுக்குங்க மேடம்" என்று விண்ணப்பக் கோப்பை மூடினார்.

அவள் உள்ளே போனாள். ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து கணவரின் எதிரில் வைத்தாள். "குடிச்சிடுங்க. இப்ப இல்லைன்னுதான் இருக்கும். நேரம் ஆக ஆகத்தான் ஏறும்."

குடித்தால் அகப்பட்டுக்கொள்வோம் என்று அவர் பல்லைக் கடித்தார். கண்களில் நீர் முட்டி நின்றது.

தலைவர் நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா! மேடத்துக்கு வேலை இல்லைன்னதும் சாருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பாசம்னா இப்படி இருக்கணும்!"

பெண்மணி அதற்குத் தலையசைக்கவில்லை. மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, "எனக்கும் ஒரு துண்டு குடுங்கம்மா" என்றார்.

மனைவி, விருந்தினர் முன் எப்போதும் நின்றே பழகியவள், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதே பட்டையிலிருந்து நிதானமாக ஒரு துணுக்கைக் கிள்ளி, நீட்டிய கையில் வைத்தாள்.

"கொஞ்சம் பொறுக்கணும்" என்றாள்.

"பொறுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்மணி பேராசிரியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.