சேவல் கட்சிக்காரருக்குக் கோழிக் குழம்பு

“சேவலை அறுத்துக் குழம்பு வெச்சு எனக்கே ஊத்துறீங்களா? வேணும்னுதானே செஞ்சீங்க?”

ஃபெர்டினான் தட்டைத் தள்ளிய வேகத்தில் குழம்பு மேசைவிரிப்பில் சிந்தியது.

“பெட்டைக்கோழி, மிசியே!” சோனாமதி பதறினாள். “ஆ-கிம் கடையில நானே பாத்து வாங்கினது.”

பாவம், கறியே தொடாதவள். சம்பந்தி மரியாதைக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லையில் சமைத்திருந்தாள். அவள் மகன் தேவுக்கும் பக்கத்து வீட்டு ஃபெர்டினானின் மகள் யோலாந்துக்கும் அன்று நிச்சயம். மறுநாள் தேர்தல். எங்கள் ஊர் ரோஸ்ஹில்லில் வேறு நாளே கிடைக்கவில்லை போலும்.

மொரீஷியஸ் தனி நாடாகட்டும் என்பவர்களின் சின்னம் சாவி. பிரிட்டனை விடக்கூடாது என்பவர்களுக்குச் சேவல். சோனாமதியின் புருஷன் ராம்தனி முழ நீளத்துக்குத் தகரச் சாவி வெட்டி வாசலில் தொங்கவிட்டவர். ஃபெர்டினானோ கட்சிக்காகவே ஒரு சேவல் வளர்த்தார். சாவியைத் தொடமாட்டேனென்று வீட்டுக் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு மாதாகோயிலுக்குப் போவார். பின்வீட்டிலிருக்கும் என்னை யாரும் கூப்பிடவில்லைதான். வேலியோரம் நின்றால் பாதிதான் காதில் விழுகிறது என்று உள்ளேயே போய்விட்டேன்.

“ஜெயிச்சதும் எங்க பொம்பளைங்களுக்கு முக்காடு போடுவீங்க. எங்க பாஷையப் பிடுங்குவீங்க,” என்றார் ஃபெர்டினான்.

“இப்ப எந்தப் பாஷையில கத்துறோமாம்? ரெண்டு பேரும் கிரியோல்லதானே?” என்றார் ராம்தனி. “ராணியம்மாவுக்கு உம்ம பேராவது தெரியுமாய்யா?”

“உமக்கு இந்தியா இருக்கு. எனக்கு எது இருக்கு?”

“இந்தியாவா!” என்றாள் சோனாமதி. “எனக்கு இங்க இருக்குற போர்ட் லூயிக்கே வழி தெரியாது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரும் சிரிக்காததால் இருமிவைத்தேன்.

“எழுந்திரு யோலாந்து. கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

தேவ் தலையே தூக்கவில்லை. யோலாந்து அப்பாவின் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

“நீ எந்தப் பக்கம்டி?”

“பசி பக்கம்ப்பா.” கால்துண்டை எடுத்துக் கடித்தாள்.

ஃபெர்டினான் எழுந்து போய்விட்டார். பின்னாலேயே போன அவர் மனைவி, குழம்புச் சட்டியை இரண்டு தரம் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

சாவி ஜெயித்தது. கலவரம் வரும், வீடு கொளுத்துவார்கள் என்று தினம் ஒரு வதந்தி. பொழுது சாய்ந்தால் தெருவே தாழ்ப்பாள் போட்டது. பல வீடுகளில் பெட்டி கட்டினார்கள். வருடக் கடைசியில் ஃபெர்டினானும் மனைவியும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். யோலாந்து வரமாட்டேனென்றுவிட்டாள். கிளம்பும் முன் ஃபெர்டினான், வீட்டுச் சாவியைக் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டு வந்து சோனாமதியிடம் நீட்டினார்.

“என் மகளுக்கு. உங்க கட்சிக்கு இல்ல.”

யோலாந்தும் தேவும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அந்த வீட்டிலேயே குடியேறினார்கள். சேவலும் அவர்களோடுதான். விடியற்காலையில் அது கூவும்போதெல்லாம் ராம்தனி செருப்பை எறிகிறார். சோனாமதி போய் அரிசி போடுகிறாள்.