குவாம் தீவுக்குச் சேர்த்த புள்ளிகள்

டொலிடோ நகரத்து மார்லாவின் மகள் பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவில் கடற்படையில் இருந்தாள். அங்கே பிறந்த பேத்தியைத் தன் கணவர் வெண்டலுக்குக் காட்டிவிட வேண்டுமென்று மார்லா, அமெரிக்காவிலிருந்து அத்தீவுக்குப் போகும் ஒரே விமான நிறுவனத்தின் இலவச டிக்கெட்டுக்கு, செலவுக்கேற்பச் சேரும் புள்ளிகளை மாற்றித் தரும் கிரெடிட் கார்டாகப் பார்த்து வாங்கினாள். பெட்ரோல், மளிகை, மருந்து எல்லாவற்றுக்கும் அதையே தேய்த்தாள். இரண்டு டிக்கெட்டுக்குப் புள்ளிகள் சேர்ந்ததும் வங்கிக்குப் போன் செய்தாள்.

"மன்னிச்சுக்கங்க மேடம், அந்த ஏர்லைன்ஸோட ஒப்பந்தம் போன வாரம் முடிஞ்சிருச்சு. வேற ஏர்லைன்ஸுக்கு வேணா மாத்திக்கலாம்."

"அவங்க யாரும் குவாமுக்குப் போறதில்லையேப்பா."

"ஆமா மேடம்."

ஆக்ஸிஜன் குழாயோடு சோபாவில் சாய்ந்திருந்த வெண்டல் சிரிக்கப் பார்த்து இருமினார். "விடு மார்லா. வேற கார்டு வாங்கி மறுபடி சேப்போம்."

"சேத்துரலாம்," என்றாள். அதுவரை அவர் இருக்கமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.