எந்த மேடையிலும் கேட்காத ஹார்ன்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல, மேடையில் கேட்டது. 2006 உள்ளாட்சித் தேர்தல் சமயம், ஓசூரில் ஒரே வாரத்தில் இரண்டு கூட்டங்கள். முற்போக்குப் பேச்சாளர் முழங்கினார்: "ராகிக் காட்டில் காவலிருந்த தாயின் கால் யானையால் முறிந்தது. ஆனாலும் மகள் கம்பெனிக்குப் போவாள். இவள்தான் புதிய பெண்!" மரபு பேசுகிறவர் குரலைத் தாழ்த்தினார்: "மகள் காட்டை விட்டுக் கம்பெனிக்குப் போனாள். சாமி யானையாக வந்தது." இரண்டுக்கும் கைதட்டல். நானும் இரண்டு இடத்திலும் தட்டினேன், வெட்கங்கெட்டவன்.

தாய் சரோஜம்மாள். மகள் லாவண்யா. இரண்டாவது கூட்டத்துக்கு மறுநாள், அப்பா திம்மராயன் மகளை வேலைக்குப் போகாமல் நிறுத்திவிட்டார்.

2

சானமாவுக் காட்டின் மேல் பனி ஒரு வெள்ளைப் போர்வையாக—

(வேண்டாம். பனி யார் காலையும் முறிக்கவில்லை.)

நேராகவே சொல்கிறேன். காலை ஷிப்ட் பஸ். சானமாவில் ரோட்டின் மேல் யானைகள். உள்ளூர்க்காரர்கள் என்றால் இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். லாவண்யாவும் அதைத்தான் சொன்னாள்: "கம்முனு இருங்கக்கா. அதுங்களே போயிரும்."

பக்கத்து சீட்டில் பொற்கொடி. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், கான்ட்ராக்ட் வேலை, யானையைக் கோயிலில் மட்டும் பார்த்தவள். லேட்டானால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்குப் பதற்றம். "ஹார்ன் அடிங்கண்ணே!" என்று கத்தினாள். பஸ்ஸே சேர்ந்து கத்தியது. டிரைவர் அடித்தார்.

யானைகள் மிரண்டு ரோட்டோர ராகிக் காட்டுக்குள் திரும்பின. பரண்மேல் இருந்த சரோஜம்மாள் பயந்துபோய்க் கீழே குதித்தார்.

3

கதைக்குக் காலில்லை என்பார்கள். இந்தக் கதைக்கு இருந்தது, இப்போது மாவுக்கட்டில் கிடக்கிறது.

ஹார்ன் ஏன் எந்த மேடையிலும் கேட்கவில்லை? முற்போக்குக் கதையில் கம்பெனி பஸ் விடுதலைக்குப் போகிற வண்டி, அது தப்பு செய்யக் கூடாது. மரபுக் கதையில் யானை சாமி, அது ஹார்னுக்குப் பயப்படக் கூடாது. அட, இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை ஐயா! வேண்டியதை மட்டும் சொன்னார்கள். நான் செய்கிற தொழிலும் அதுதானே என்று நினைக்கும்போது எரிச்சலாக வருகிறது.

4

பொற்கொடி எனக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறாள். அவளாகத்தான் வந்தாள்.

"சார், நீங்க கத எழுதுற ஆளுதான? இத எழுதுங்க. எம் பேரு மட்டும் வேணாம்."

"லாவண்யாவே வீட்டுல சொல்லலாமே?"

"சொல்லிட்டா சார். வேலைக்குப் போறதுக்குக் கத கட்டுறியான்னு அவங்கப்பா வெரட்டிட்டாராம்."

"அப்ப நீ போய்ச் சொல்லு."

"சொன்னா டிரைவர் அண்ணன் வேல போயிரும். பெறகு எனக்கும். ஊர்ல என்னைய நம்பித்தான் சார்..."

அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கவில்லை.

(பேரில்லாத சாட்சியைத் திம்மராயன் எப்படி நம்புவார்? நான் எழுதுவதும் மூன்றாவது மேடையாகத்தான் போகும்.)

5

முடிவு அ: பொற்கொடி போய்ச் சொல்கிறாள். லாவண்யா மறுபடி பஸ் ஏறுகிறாள். பக்கத்து சீட்டு காலி.

முடிவு ஆ: பொற்கொடி வாயைத் திறக்கவில்லை. அவள் போகிற பஸ்ஸை லாவண்யா தினமும் பரண்மேலிருந்து பார்க்கிறாள்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதற்கு ஒரு மேடை கைதட்டும், இரண்டாவதற்கு இன்னொன்று. கிழித்துப் போட்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை, இதுவரை எழுதியதைப் பொற்கொடி படித்தாள். "எம் பேரு அப்படியே இருக்கே சார்."

"மாத்திடவா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னாலேயே பஸ் ஏறினேன். சானமாவில் அவள் இறங்கினாள், நான் இறங்கவில்லை. அதனால் இனி வருவது கற்பனை.

வாசலில் திம்மராயன், "யாரும்மா நீ?" என்கிறார். பொற்கொடி கம்பெனி பேரைச் சொல்கிறாள். உள்ளே கட்டிலிலிருந்து சரோஜம்மாள் எட்டிப் பார்க்கிறார். "நம்ம லாவண்யா கூட வேல செய்யிற பொண்ணா? பா, கூத்துக்கோ." வா, உட்கார் என்று கன்னடத்தில் கூப்பிடுகிறார். மாவுக்கட்டுக் காலைச் சிரமப்பட்டு நகர்த்தி, கட்டிலில் இடம் ஒதுக்குகிறார்.

பொற்கொடி உட்கார்ந்துவிட்டாள். அடுத்து அவள் பேச வேண்டியதை நான் எழுதப் போவதில்லை, நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அன்றைக்கு அந்த பஸ்ஸில் நீங்களும் கத்தினீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.